தண்ணிக்குத் தெரியும் சேரிக்குப் போற வழி

நான் குமாஸ்தாவாக இருக்கும் வங்கிக் கிளையின் சுவரில், நகைக்கடன் விளம்பரத்துக்குப் பக்கத்தில், அக்டோபர் பிறந்தால் ஒரு தாளை ஒட்டுவோம். வெள்ளம், புயல் காலத்தில் பொதுமக்கள் செய்ய வேண்டியவை என்று தலைப்பு. மேடான இடத்துக்குப் போங்கள், முக்கிய ஆவணங்களை நீர் புகாத உறையில் வையுங்கள், மூன்று நாளைக்கு வேண்டிய உணவும் குடிநீரும் மருந்தும் சேர்த்து வையுங்கள், மின்சாரத்தை நிறுத்துங்கள், வதந்தியை நம்பாதீர்கள் என்று வரிசையாகப் போட்டிருக்கும்.

பணம் எடுக்க வந்த ஒரு அம்மா அந்தத் தாளையே பார்த்துக்கொண்டு நின்றார். "தம்பி, இதுல இன்னா போட்டிருக்கு?" என்றார். வாசித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டார்.

"மேட்டுக்குப் போவச் சொல்றாங்க, சரி. மேட்டுல ஊரு இல்ல இருக்குது? மூணு நாளைக்குச் சோறு சேத்து வைக்கணுமாம். நாளைக்கு வேல இருந்தாத்தான் நாளைக்கே சோறு. நீயே சொல்லு தம்பி."

ரூபாயை எண்ணி முந்தானையில் முடிந்துகொண்டு போய்விட்டார். நான் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டேன். எழுதியவர் யாரோ, அவருக்கு ஒரு வீடு இருக்கிறது, வீட்டுக்கு ஒரு மாடி இருக்கிறது, அலமாரியில் அரிசி இருக்கிறது. அவர் தன்னையே மனசில் வைத்துக்கொண்டு 'பொதுமக்கள்' என்று எழுதிவிட்டார். அந்தப் பொதுமக்களில் சேரி இல்லை. இந்தத் தலையங்கம் அந்த அம்மாவுக்கு நான் சொல்லாமல் விட்ட பதில்.

*

கடலூர் மாவட்டத்துக்காரனுக்கு மழை புதுசு கிடையாது. தென்பெண்ணை, கெடிலம், பரவனாறு, வெள்ளாறு, கொள்ளிடம் என்று ஆறுகள் வரிசையாக இந்த மாவட்டத்தைக் கடந்தோ ஒட்டியோதான் கடலுக்குப் போகின்றன. எங்கோ மலையில் பெய்த மழைக்கும் இங்கே கதவைத் திறந்து வைத்தாக வேண்டும். 2004 டிசம்பர் 26-இல் சுனாமி வந்தபோது நான் பள்ளி மாணவன். 2011 டிசம்பர் 30 விடியற்காலையில் தானே புயல் வந்தது. பண்ருட்டிப் பக்கம் முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்துப் போட்டது. 2015 நவம்பரில் பெருமழை. பெரியகாட்டுப்பாளையத்தில், விசூரில் ஓடை பெருகி வந்து வீடுகளையும் ஆட்களையும் கொண்டுபோனது. 2020-இல் நிவர். 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல். அதற்கு இரண்டாம் நாள் விடிவதற்கு முன்னால் சாத்தனூர் அணையிலிருந்து நொடிக்கு 1,68,000 கன அடி தண்ணீர் திறந்துவிடப்பட்டது. தென்பெண்ணைக் கரை நெடுக என்ன ஆனது என்று உங்களுக்குத் தெரியும்.

ஒவ்வொரு தடவையும் ஒரே வசனம் சொல்கிறார்கள். 'இயற்கைக்குச் சாதி கிடையாது. வெள்ளம் சாதி பார்த்தா வருகிறது?'

வெள்ளம் சாதி பார்த்து வருவதில்லை, உண்மைதான். வெள்ளத்துக்கு அந்தச் சிரமம் எதுக்கு? சாதி பார்த்து வீடு கட்டவைத்த வேலையை ஊர் என்றைக்கோ முடித்துவிட்டது. தண்ணிக்கு வேண்டியது பள்ளம் மட்டும்தான். தீண்டப்படாதவர்கள் ஏன் ஊருக்கு வெளியே வாழ்கிறார்கள் என்று அண்ணல் அம்பேத்கர் 1948-இல் வெளியான நூலில் கேட்டார். அந்தக் கேள்விக்குப் பின்னால் நாம் இன்னொன்றையும் கேட்கவேண்டியிருக்கிறது. வெளியே என்றால் எந்தப் பக்கம் வெளியே? எங்கள் பக்கத்தில் நடந்து பாருங்கள். கோயில் மேட்டில், குடியானவர் தெரு மேட்டில், பஞ்சாயத்து ஆபீஸ் மேட்டில். அங்கிருந்து இறங்கி, வாய்க்காலைத் தாண்டி, தரைப்பாலத்தைத் தாண்டி, வயல் மட்டத்துக்கும் கீழே காலனி. ஏரி உடைந்தால் முதலில் எங்கே வரும் என்று தெரிந்துகொள்ள வரைபடம் தேவையில்லை. ஊரின் கழிவுநீர் தினமும் எந்தப் பக்கம் ஓடுகிறதோ, வெள்ளமும் அந்தப் பக்கம்தான் ஓடும்.

*

'இயற்கைப் பேரிடர்' என்ற சொல்லில் ஒரு வசதி இருக்கிறது. இயற்கை செய்தது என்று சொல்லிவிட்டால் எவன் மேலும் வழக்குப் போட முடியாது.

1934 ஜனவரி 15-இல் பீகாரில் பெரிய நிலநடுக்கம் வந்தது. ஆயிரக்கணக்கில் செத்தார்கள். காந்தி அப்போது ஹரிஜன யாத்திரையில் இருந்தார். தீண்டாமை என்ற பாவத்துக்குக் கடவுள் கொடுத்த தண்டனை இது என்று பேசினார். தாகூர் அதை வெளிப்படையாக மறுத்தார். இயற்கை நிகழ்ச்சிக்கு இப்படிப் பாவக்கணக்கு எழுதுவது பகுத்தறிவுக்குப் புறம்பானது என்றார். தாகூர் சொன்னது சரி. தீண்டாமைக்குத் தண்டனை என்றால் அதில் தீண்டப்படாதவனும் ஏன் செத்தான் என்று கேட்டால் அந்த வாதம் அங்கேயே இடிந்துபோகும்.

ஆனால் இந்த விவாதத்தில் இரண்டு பெரியவர்களும் தொடாத இடம் ஒன்று இருக்கிறது. தீண்டாமையால் பூமி நடுங்குவதில்லை, மழை பெய்வதில்லை. பெய்த மழை யார் வீட்டில் நிற்கும், யார் சுவர் இடியும், யாருக்குச் செய்தி கடைசியாகப் போகும், யார் பெயர் பட்டியலில் விட்டுப்போகும் என்பதையெல்லாம் தீண்டாமைதான் முடிவு செய்கிறது. மழைக்கு வானிலை ஆய்வு மையம் இருக்கிறது. பள்ளத்தில் வீடு எப்படி வந்தது என்று சொல்ல எந்த மையமும் இல்லை. அதைச் சொல்வது நம் வேலை.

2004 சுனாமியில் நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கும் மேல் இறந்தார்கள். மீனவக் குப்பங்களின் துயரம் நாடறிந்தது. அதைக் குறைத்துச் சொல்வது நம் நோக்கமல்ல. ஆனால் அதே கரையில் மீன் கூடை சுமந்தவர்கள், உப்பளத்தில் வேலை பார்த்தவர்கள், கடல்நீர் ஏறிய வயலில் கூலிக்குப் போனவர்கள் பலர் தலித்துகள். படகு தொலைத்தவனுக்குப் பட்டியலில் ஒரு கட்டம் இருந்தது. கூலி தொலைத்தவளுக்குக் கட்டமே இல்லை. முகாமில் சேர்ந்து இருக்கவும், ஒரே தொட்டியில் தண்ணீர் பிடிக்கவும் மறுத்தது அன்றைக்கே ஆய்வறிக்கைகளில் பதிவானது. அழுகிய பிணங்களைத் தூக்கப் பல நகராட்சிகளிலிருந்து துப்புரவுத் தொழிலாளர்களைக் கூட்டிவந்தார்கள். அவர்கள் யார் என்று சொல்ல வேண்டுமா? சோற்றுப் பந்தியில் ஒதுக்கினவன் பிணத்தைத் தூக்க மட்டும் தேடி வந்து கூப்பிட்டான்.

*

இனி என் கதை. இதைச் சொல்லாமல் மற்றவர்களைப் பற்றிப் பேச எனக்கு யோக்கியதை இல்லை.

2015 நவம்பர். நான் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. வெள்ளம் வடிந்து கிளையைத் திறந்த இரண்டாம் நாள், வரிசை தெருவரைக்கும் நின்றது. என் பெரியம்மா வயசு ஒருத்தர் பாஸ்புத்தகத்தை நீட்டினார். ஊறி, உப்பி, எழுத்தெல்லாம் நீலமாகக் கரைந்திருந்தது. ஒட்டியிருந்த படத்தில் முகம் இல்லை. 700 ரூபாய் கேட்டார். அடையாள அட்டை கொண்டுவாங்கம்மா என்றேன். "வூடே போயிடுச்சி சாமி, அட்டை எங்க இருக்கும்?" என்றார். விதி அப்படி என்றேன். மறுநாளும் வந்தார். மூன்றாம் நாள் வி.ஏ.ஓ. கையெழுத்தோடு ஒரு தாள் கொண்டுவந்தார். அன்றைக்குத்தான் கொடுத்தேன்.

அவர் கணக்குத் தொடங்கியபோது கொடுத்த படமும் பெருவிரல் ரேகையும் எங்கள் அலமாரியிலேயே இருந்தன. எழுந்து போய் எடுத்துப் பார்த்திருந்தால் பத்து நிமிஷம். எந்த விதியும் என்னைத் தடுக்கவில்லை. வரிசையைப் பார்த்து எழுந்திருக்கவில்லை, அவ்வளவுதான். நானும் சேரியில் பிறந்தவன். இடஒதுக்கீட்டில் அந்த நாற்காலிக்கு வந்தவன். கவிதை எழுதுகிறவன். மூன்று நாள் ஒரு கிழவியைச் சேற்றில் நடக்கவிட்டேன். அதிகாரம் கவுண்டருக்கு உள்ளே வந்து உட்காரும்போது, சட்டைக்குள் இருப்பவன் யார் என்று பார்ப்பதில்லை. இதை நான் அன்றைக்குக் கற்றுக்கொண்டேன். அவருக்கு நான் செய்ததை இந்தப் பக்கத்தில் எழுதுவதால் சரிசெய்துவிட முடியாது என்பதும் தெரியும்.

*

கவுண்டரில் உட்கார்ந்தால் இன்னொன்றும் தெரியும். நிவாரணம் பணமாக மாறி வருவது எங்கள் கைவழியாகத்தான். அந்தக் கணக்கைக் கொஞ்சம் பாருங்கள்.

ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு 2024 டிசம்பரில் அரசு அறிவித்தது இது: சேதமான குடிசைக்கு 10,000 ரூபாய். இறந்த பசுவுக்கு, எருமைக்கு 37,500. ஆட்டுக்கு 4,000. நெற்பயிருக்கு ஹெக்டேருக்கு 17,000. கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி மாவட்டங்களில் குடும்ப அட்டைக்கு 2,000. மாட்டை இழந்தவருக்குப் பணம் கொடுத்ததில் எனக்கு ஆட்சேபம் இல்லை. மாட்டுக்கு ஒரு விலை இருக்கிறது, அதைச் சொன்னார்கள். ஒரு குடும்பம் படுத்து எழுந்த குடிசையின் விலை மாட்டில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை என்பதையும் அதே தாளில் சொல்லிவிட்டார்கள்.

2018 நவம்பர் 16-இல் கஜா. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் சாய்ந்த தென்னைக்கு, வெட்டி அப்புறப்படுத்தும் கூலியும் சேர்த்து, மரத்துக்கு 1,100 ரூபாய் என்றார்கள். தோப்புக்காரர் அது போதாது என்றார். நியாயம்தான், ஒரு தென்னை காய்க்க எத்தனை வருஷம். ஆனால் அந்தத் தென்னையில் ஏறிக் காய் பறித்தவன், மட்டை முடைந்தவள், தேங்காய் உரித்தவன், இவர்களுக்கு அடுத்த ஐந்து வருஷம் வேலை இல்லையே, அதற்கு எத்தனை ரூபாய்? அந்தக் கட்டமும் விண்ணப்பத்தில் இல்லை. பயிர்ச்சேதம் 33 சதவீதம் தாண்டினால் பயிர்க்கடனை மாற்றியமைத்துத் தவணை தள்ளிப்போட வங்கிகளுக்கு வழிகாட்டுதல் வந்தது. பயிர்க்கடன் யாருக்கு? சிட்டா அடங்கல் உள்ளவருக்கு. வாய்ப்பேச்சுக் குத்தகையில் உழுதவனுக்கு அடங்கலில் பேர் இல்லை. அவன் கடன் வட்டிக்காரரிடமும் குழுக் கடனிலும் இருக்கிறது. கஜா முடிந்து மின்சாரம் வருவதற்கு முன்பே நுண்கடன் ஆட்கள் தவணை கேட்டு வாசலில் வந்து நின்றார்கள். அந்தக் கடனுக்கு ஒத்திவைப்பு வாங்கப் பெண்கள் தெருவில் இறங்கவேண்டியிருந்தது.

வீடு கட்டித் தருகிற திட்டங்களும் இப்படித்தான். 2030-க்குள் 8 லட்சம் வீடு கட்டிக் குடிசையே இல்லாமல் ஆக்குவோம் என்று 2024-இல் அறிவிப்பு வந்தது. ஒரு வீட்டுக்கு மூன்றரை லட்சம். நல்லது. ஆனால் முதல் கேள்வியே பட்டா இருக்கிறதா என்பதுதான். ஓடைப் புறம்போக்கில் மூன்று தலைமுறையாக இருக்கிறவனிடம் பட்டா எங்கே இருக்கும்? பட்டா இல்லாததால் வீடு இல்லை, வீடு இல்லாததால் சுவர் இடிகிறது, சுவர் இடிந்தால் பட்டா இல்லாததால் கேள்வி.

*

பேரிடர் மேலாண்மையை நமக்குக் கற்றுத்தர வருகிறார்கள். கற்றுக்கொள்வோம், தப்பில்லை. ஆனால் இந்த ஊர்களின் பேரிடர் மேலாண்மையை நூற்றாண்டுகளாகச் செய்தது யார்?

ஏரி நிறைந்தால் ராத்திரியில் கரையில் காவல் கிடந்தவன் யார்? பல ஊர்களில் நீர்க்கட்டி, நீர்ப்பாய்ச்சி என்று சேரி ஆள்தான். பெருமழையில் மூச்சை அடக்கித் தண்ணிக்குள் இறங்கி மடையைத் திறந்தவன் அவன். திறந்தால் ஊர் பிழைக்கும், திறக்கும்போது அவன் சாகலாம். கரை உடையப் போகிறது, தூங்காதீர்கள் என்று ஊருக்குப் பறையடித்துச் சொன்னவனும் அவன்தான். ஊருக்குச் சொல்ல ஆள் இருந்தது. சேரிக்கு யார் சொன்னது? பறையடித்தவன் வீட்டுக்குத் திரும்பி வருவதற்குள் தண்ணி வந்திருக்கும்.

தண்டோரா போடும் வழக்கத்தை நிறுத்தச் சொல்லி 2022 ஆகஸ்டில் தலைமைச் செயலாளர் ஆணை அனுப்பினார். ஒலிபெருக்கி கட்டிய வண்டியில் சொல்லலாம் என்றார்கள். வரவேற்போம். அந்த வண்டி தரைப்பாலத்தைத் தாண்டிக் காலனிக்குள் வருகிறதா, ஊர் மந்தையோடு திரும்பிப் போகிறதா என்பதையும் பார்க்கச் சொல்வோம்.

*

இங்கே இயக்கத் தோழர்களிடம் ஒரு வார்த்தை. கோபப்படாமல் கேளுங்கள்.

வெள்ளம் வந்த மூன்றாம் நாள் நாம் போகிறோம். ரொட்டி, பால் பவுடர், பழைய துணி, ஒரு பேனர், நாலு படம். ஆட்சியர் அலுவலகத்தில் மனு. ஆர்ப்பாட்டம். தை பிறந்ததும் மறந்துவிடுகிறோம். ஜூலையில், ஆகஸ்டில், வெயில் காய்கிறபோது, ஒரு சேரிக்குப் போய் 'இந்த வருஷம் தண்ணி வந்தா யாரு யாரைத் தூக்கிக்கிட்டு எந்த வழியாப் போறது?' என்று எப்போதாவது கேட்டிருக்கிறோமா? நானும் கேட்டதில்லை.

கேட்டால் ஒரு பதில் தயாராக இருக்கிறது. 'இதெல்லாம் தொண்டு நிறுவன வேலை தோழர். உறையில் காகிதம் போடச் சொல்வது அரசின் பொறுப்பை ஏழை தலையில் கட்டும் சீர்திருத்தவாதம். நமக்கு நிலம்தான் கேள்வி.' நிலம்தான் கேள்வி, மறுக்கவில்லை. 1892-இல் ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலத்தைக் கேட்டு 1994 அக்டோபரில் காரணையில் ஜான் தாமஸும் ஏழுமலையும் துப்பாக்கிக்கு உயிர் கொடுத்தார்கள். அந்தக் கேள்வியை யாரும் கைவிடச் சொல்லவில்லை. ஆனால் மேட்டில் நிலம் கிடைக்கும் வரைக்கும் பள்ளத்தில் இருக்கிற குழந்தை மேல் ஐப்பசி ராத்திரியில் மண்சுவர் விழாமல் பார்க்க வேண்டாமா? செத்தவனுக்குப் பட்டா தேவையில்லை.

இன்னொன்று. தயாரிப்பு வேலை அரசியலுக்கு வெளியே இருப்பதாக நினைப்பதுதான் பிழை. ஒரு சேரியை நடந்து, ஒவ்வொரு வீட்டிலும் போன வெள்ளத்தின் சேற்றுக்கோடு எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று அளந்து எழுதிப் பாருங்கள். ஊர்த் தெருவிலும் அதே மாதிரி அளந்து பக்கத்தில் எழுதுங்கள். அந்தத் தாள் ஒரு குற்றப்பத்திரிகை. பள்ளத்தில் எங்களை வைத்தீர்கள் என்று மேடையில் கத்துவதைவிட, இத்தனை அடி இத்தனை அங்குலம் என்று ஒரு கல்லூரி மாணவி தாசில்தார் மேசையில் வைக்கிற தாள் கனமானது.

*

ஆகவே, மழைக்கு முன் செய்யக்கூடியதைச் சொல்கிறேன். மாணவத் தோழர்கள் இதை இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு சேரிக்குச் செய்துவிட முடியும்.

முதலில் அந்த வரைபடம். சேற்றுக்கோட்டோடு நிற்காதீர்கள். நிறைமாதக்காரி எந்த வீட்டில், நடக்க முடியாத கிழவர் எந்த வீட்டில், கைக்குழந்தை எங்கே, எந்தச் சுவர் விரிசல், எந்த மின்கம்பி தாழ்ந்து தொங்குகிறது, பாதை எந்த இடத்தில் அறுந்துபோகும், சுடுகாட்டுக்குப் போகும் வழி இருக்கிறதா. முகாம் எந்தக் கட்டடத்தில், அதற்குப் போக எந்தத் தெரு வழியாகப் போகவேண்டும், போகவிடுவார்களா. இதையெல்லாம் எழுதுங்கள். ஒவ்வொரு நடக்க முடியாத ஆளுக்கும் இரண்டு இளைஞர் பேரை எதிரே எழுதுங்கள்.

இரண்டாவது சுவர். நம் ஆட்கள் வெள்ளத்தில் மூழ்கிச் சாவதைப் போலவே சுவர் இடிந்தும் சாகிறார்கள். இரண்டு மூன்று நாள் ஊறிய மண்சுவர் ராத்திரியில் சத்தமில்லாமல் விழும். மழை விடாமல் பெய்தால் சுவரோரம் தலைவைத்துப் படுக்கக் கூடாது. இருட்டுவதற்கு முன்பே, பகலிலேயே, பள்ளிக்கூடத்துக்கோ உறுதியான தளவீட்டுக்கோ போய்விட வேண்டும். மழை விட்டு வெயில் அடித்த அன்றும் அந்தச் சுவரை நம்பக் கூடாது. வீட்டைச் சுற்றி வாய்க்கால் வெட்டித் தண்ணி தேங்காமல் விடுவதற்குச் செலவு கிடையாது, ஒரு மண்வெட்டி போதும். கூரையைக் கயிறு போட்டு இழுத்துக் கட்டுவது நம் தாத்தாக்கள் செய்ததுதான்.

மூன்றாவது காகிதம். என் தொழில் இது, கொஞ்சம் அதிகம் சொல்கிறேன். குடும்ப அட்டை, ஆதார், பாஸ்புத்தகம், சாதிச் சான்றிதழ், பிள்ளைகளின் மதிப்பெண் பட்டியல், பட்டா இருந்தால் அதன் நகல். எல்லாவற்றையும் யூரியா மூட்டையின் உள்பை மாதிரி கெட்டியான பிளாஸ்டிக் பையில் போட்டு, வாயை முறுக்கிக் கட்டி, சட்டென்று எடுக்கிற இடத்தில் தொங்கவிடுங்கள். செல்போனில் படம் எடுத்து வெளியூரில் இருக்கிற ஒரு சொந்தக்காரருக்கு அனுப்பி வையுங்கள். வீட்டை முன்னாலிருந்தும் உள்ளேயும் குடும்பத்தோடு படம் எடுத்து வையுங்கள். இடிந்த பிறகு 'இங்கே வீடே இல்லையே' என்று கணக்கெடுக்க வந்தவர் சொன்னால் அதுதான் சாட்சி. பாஸ்புத்தகம் போனால் பயப்படாதீர்கள். உங்கள் படமும் கையெழுத்தோ ரேகையோ வங்கியில் இருக்கிறது. எடுத்துப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். எழுந்து போகச் சோம்பல்படுகிறவன் என்னைப் போன்றவனாக இருந்தால் சத்தம் போட்டுக் கேளுங்கள்.

நான்காவது இருபது ரூபாய். பிரதமர் பெயரில் உள்ள விபத்துக் காப்பீட்டில் வருஷத்துக்கு 20 ரூபாய் கட்டினால், 18 முதல் 70 வயது வரை உள்ளவர் விபத்தில் இறந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம். வெள்ளத்தில், புயலில் இறப்பதும் அதில் சேரும். மே மாதக் கடைசியில் கணக்கிலிருந்து தானாகக் கழிப்பார்கள். அன்றைக்குக் கணக்கில் இருபது ரூபாய் இல்லாமல் விட்டுப்போகிறவர்கள் பெரும்பாலும் நம் ஆட்கள்தான் என்பதை நான் ஒவ்வொரு வருஷமும் பார்க்கிறேன். எந்த ஆவணமும் இல்லாதவர்கூடப் படமும் கைரேகையும் கொடுத்துச் 'சிறு கணக்கு' தொடங்க விதியில் இடம் இருக்கிறது. அரசைத் திட்டுவோம், இந்த இருபது ரூபாயையும் போட்டுவைப்போம்.

ஐந்தாவது வீட்டுச் சாமான். மூன்று நாள் உணவு முடியாது என்றார் அந்த அம்மா. தனியாக முடியாது. பத்து வீடு சேர்ந்து வாரத்துக்கு வீட்டுக்கு ஒரு படி என்று புரட்டாசியிலிருந்து எடுத்துவைத்தால் முடியும். குழுவில் கடன் தவணை சேர்க்கத் தெரிந்த பெண்களுக்கு இது பெரிசில்லை. காய்ந்த விறகும் வரட்டியும் பரணில். தீப்பெட்டி மூடிபோட்ட பாட்டிலில். புயல் அறிவிப்பு வந்த அன்றே குடங்களில் குடிதண்ணி. அடிபம்பு மூழ்கினால் பிறகு அந்தத் தண்ணியைக் காய்ச்சித்தான் குடிக்க வேண்டும். ஆடு மாட்டின் கயிற்றை அவிழ்த்துவிடுங்கள், கட்டிய மாடு நீந்தாது. பெண்கள் மாதவிடாய்த் துணியும் கைவிளக்கும் தனியாக எடுத்துவைக்க வேண்டும். முகாமில் கக்கூசுக்கு இருட்டில் போவதுதான் அவர்களுக்குப் பாதிப் பேரிடர். மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077, மாநிலத்துக்கு 1070. இந்த இரண்டு எண்களையும் பள்ளிக்கூடத்துச் சுவரில் சுண்ணாம்பால் பெரிசாக எழுதுங்கள்.

*

இது நாம் செய்வது. அவர்கள் செய்ய வேண்டியதற்குச் சட்டம் இருக்கிறது. 2005-ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 61-ஆவது பிரிவு, நிவாரணத்திலும் இழப்பீட்டிலும் பால், சாதி, சமூகம், பரம்பரை, மதம் என்று எந்த வேறுபாடும் காட்டக்கூடாது என்று சொல்கிறது. 31-ஆவது பிரிவின்படி ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒரு திட்டம் இருக்க வேண்டும். ஆபத்துள்ள பகுதிகள் எவை என்று அதில் இருக்க வேண்டும். ஆட்சியர்தான் மாவட்ட ஆணையத்தின் தலைவர். தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி, 'எங்கள் காலனி அந்தத் திட்டத்தில் இருக்கிறதா? எங்களுக்கு உரிய முகாம் எது? போகும் பாதை எது?' என்று கேளுங்கள். இல்லை என்று எழுத்தில் பதில் வந்தால் அதுவே போராட்டத்தின் முதல் துண்டறிக்கை.

முகாம் சேரிப் பக்கத்திலும் வேண்டும். ஊரைத் தாண்டித்தான் உயிர் பிழைக்க முடியும் என்ற நிலை கூடாது. நிவாரணப் பட்டியலைச் சேரியில் வைத்துச் சத்தமாக வாசிக்க வேண்டும். நிலமில்லாத கூலிக்கு இழந்த வேலைநாளுக்கு இழப்பீடு வேண்டும். தென்னைக்கு உண்டென்றால் தென்னை ஏறியவனுக்கும் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலே, மேட்டில் மனைப்பட்டா வேண்டும். புறம்போக்கு என்று விரட்டுவது மாற்று இடம் அல்ல. ஊரோடு ஒட்டிய மேட்டு நிலத்தில், வேலைக்குப் போகும் தூரத்தில் வேண்டும். ஊர்களில் மேடு இல்லாமல் இல்லை. அது யார் பேரில் இருக்கிறது, பஞ்சமி நிலமாக இருந்து யார் பேருக்கு மாறியது என்று தேடினால் கிடைக்கும்.

அந்த அம்மா கேட்ட கேள்விக்குப் பதில் எனக்கு அப்போது தெரியாமல் இல்லை. மேடு எங்கே இருக்கிறது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதைச் சொன்னால் அடுத்து என்ன செய்வது என்று கேட்பார் என்றுதான் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டேன். அடுத்த முறை வந்தால் என் நாற்காலியைவிட்டு எழுந்து வந்து சொல்வதாக இருக்கிறேன்.

பருவமழை நம்மைக் கேட்டுக்கொண்டு வராது. இந்த இதழைப் படித்ததும் மாணவர்கள் நாலு பேர் சேருங்கள், ஒரு சேரியை அளந்து எழுதுங்கள். எழுதிய தாளின் ஒரு நகலைச் சேரியிலேயே வையுங்கள், ஒன்றை ஆட்சியருக்குக் கொடுங்கள், ஒன்றை நமக்கு அனுப்புங்கள். அடுத்த இதழில் கவிதைப் பக்கத்தைக் குறைத்துக்கொண்டு அவற்றை வெளியிடுகிறோம்.